அலுவலகக் காப்பகமா, உதவித்தொகையா, வீட்டருகே டே கேரா?

மகப்பேறு விடுப்பு முடியப்போகும் நேரத்தில் பல நிறுவனங்கள் ஒரு படிவம் அனுப்புகின்றன. அலுவலக வளாகத்தில் உள்ள காப்பகத்தில் இடம் வேண்டுமா, நிறுவனம் ஒப்பந்தம் போட்டிருக்கும் டே கேரில் சேர்க்கிறீர்களா, இல்லை மாதாமாதம் உதவித்தொகையாக வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டிருப்பார்கள். ஒன்றை டிக் செய்து அனுப்ப இரண்டு நிமிடம் போதும். இன்னும் பேச்சு வராத ஒரு குழந்தை தினமும் எட்டு, ஒன்பது மணி நேரம் யார் கையில் இருக்கப்போகிறது என்பது அந்த டிக்கில்தான் முடிவாகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணத்தை யார் கட்டுகிறார்கள், கட்டடம் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். குழந்தையைத் தூக்கப்போகிறவர் யார், அவர் பொறுப்பில் வேறு எத்தனை குழந்தைகள், அவர் அடுத்த வருஷமும் அங்கே இருப்பாரா? இந்த மூன்று கேள்விக்கும் எந்த வழியில் நல்ல பதில் கிடைக்கிறதோ அதை எடுங்கள். அதற்காகக் கொஞ்சம் அலைய வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

முதலாளி குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்வது புது விஷயம் இல்லை. ஸ்காட்லாந்தின் நியூ லானார்க்கில் ராபர்ட் ஓவன் தன் பஞ்சாலைத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்காக 1816-லேயே ஒரு மழலையர் பள்ளி திறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது, 1943-ல், அமெரிக்காவின் போர்ட்லாந்தில் கைசர் கப்பல் கட்டும் நிறுவனம் தன் தளங்களின் வாசலிலேயே இரண்டு பெரிய காப்பகங்களைக் கட்டியது. ஷிஃப்டுக்கு ஏற்றபடி இரவும் பகலும் திறந்திருந்தன. பயிற்சி பெற்ற ஆசிரியைகளைத் தேடிப் பிடித்து வேலைக்கு வைத்தார்கள். வேலை முடிந்து பிள்ளையைக் கூட்டிப் போக வரும் அம்மா, சமைத்த உணவையும் பொட்டலமாக வாங்கிப் போகலாம். இன்றைக்கும் குழந்தைப் பராமரிப்புத் துறையில் இருப்பவர்கள் அதை ஒரு முன்மாதிரியாகப் பேசுகிறார்கள். ஆனால் 1945-ல் போர் முடிந்தது, கப்பல் தேவை குறைந்தது, காப்பகங்களும் மூடப்பட்டன. நிறுவனம் மனசு வைத்தால் எவ்வளவு நல்ல இடத்தை உருவாக்க முடியும் என்பதும், நிறுவனத்தின் தேவை தீர்ந்தால் அந்த இடம் எவ்வளவு சீக்கிரம் இல்லாமல் போகும் என்பதும் இந்த ஒரு கதையிலேயே இருக்கின்றன.

வளாகத்துக்குள்ளேயே காப்பகம்

கைக்குழந்தை உள்ளவர்களுக்கு இதைவிட வசதி இல்லை என்றே சொல்வேன். தாய்ப்பால் கொடுக்கும் அம்மா இரண்டு மாடி இறங்கிப் போய்க் கொடுத்துவிட்டு வரலாம். காய்ச்சல் என்று போன் வந்தால் ஐந்து நிமிடத்தில் பக்கத்தில் இருக்கலாம். இந்தியாவில் 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தில் செய்த திருத்தத்திலிருந்து, 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்பது விதி. ஓய்வு இடைவேளையையும் சேர்த்து அம்மா ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்றும் அந்த விதி சொல்கிறது. காப்பகம் கையெட்டும் தூரத்தில் இருந்தால்தான் இந்த நான்கு முறை என்பதற்கு அர்த்தம்.

குறைகளும் உண்டு. தினமும் அலுவலகம் போய்வர எவ்வளவு நேரம் ஆகிறதோ, அவ்வளவு நேரம் குழந்தையும் நெரிசலில் பயணம் செய்ய வேண்டும். ஒரு வழிக்கே ஒரு மணி நேரம் என்றால் கைக்குழந்தைக்கு அது கடினம். அதைவிடப் பெரிய குறை, குழந்தையின் இடம் உங்கள் வேலையோடு கட்டிப்போடப்பட்டிருப்பது. வேலையை விட்டாலோ, ஆட்குறைப்பில் வேலை போனாலோ, குழந்தை தனக்குப் பழகிய மனிதர்களையும் அதே வாரம் இழக்கிறது. மேலாளரோடு ஒத்துப்போகாமல், நல்ல வாய்ப்பு வந்தும், காப்பகத்துக்காகவே ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர்.

பெற்றோர் அதிகம் கவனிக்காத ஒன்று, அந்தக் காப்பகத்தை நடத்துவது யார் என்பது. வாசலில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். உள்ளே பெரும்பாலும் வெளியாருக்குக் கொடுத்த ஒப்பந்தம்தான். குறைந்த தொகை கேட்டவருக்கே ஒப்பந்தம் போனால், அந்தக் குறைவு பராமரிப்பாளரின் சம்பளத்தில்தான் விழும். ஒப்பந்தம் கைமாறினால் ஒரே நாளில் எல்லா முகங்களும் மாறிவிடலாம். "ஒப்பந்தம் எத்தனை வருஷம்? ஏஜென்சி மாறினாலும் இதே ஆட்கள் தொடர்வார்களா?" என்று ஹெச்.ஆரிடம் கேளுங்கள். சங்கடப்பட வேண்டியதில்லை. அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

இன்னொன்றையும் கேளுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். அதே கட்டடத்தைத் துடைப்பவர்கள், வாசலில் காவல் நிற்பவர்கள், கேன்டீனில் வேலை செய்பவர்கள் பலரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு அங்கே இடம் உண்டா? குழந்தையை விட வேறு இடமே இல்லாதவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

ஒப்பந்த டே கேர்

நிறுவனம் வெளியில் உள்ள டே கேரோடு பேசி, சில இடங்களை ஒதுக்கி வைக்கும், அல்லது கட்டணத்தில் சலுகை வாங்கித் தரும். வீட்டுக்குப் பக்கத்தில் அதன் கிளை இருந்தால் பயணம் மிச்சம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு பழக்கம் கிடைக்கும், பின்னால் பள்ளிக்குப் போகும்போது அது உதவும். வேலை மாறினாலும் முழுக் கட்டணம் கட்டித் தொடரலாம் என்றால், இதுவே இரண்டு பக்க நன்மையும் உள்ள வழி. ஆனால் அந்த "தொடரலாம்" என்பது எழுத்தில் இருக்க வேண்டும். நிறுவனத்துக்கு ஒதுக்கிய இடம் அடுத்த ஊழியருக்குப் போய்விடும் என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும்.

நிறுவனத்தின் பட்டியலில் ஒரு பெயர் இருப்பதைத் தரச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பட்டியல் போட்டவர்கள் தூரத்தையும் விலையையும் பார்த்திருப்பார்கள். ஒரு காலைப் பொழுது உள்ளே உட்கார்ந்து பார்த்திருப்பார்களா? அந்த வேலை உங்களுடையது.

கையில் பணம்

உதவித்தொகை, வவுச்சர், வரிச்சலுகை என்று இதற்குப் பல உருவங்கள். எங்கே சேர்ப்பது என்ற முடிவு முழுக்க உங்களிடம் இருக்கும். வேலை மாறினாலும் குழந்தையின் இடம் மாறாது, நின்றுபோவது பணம் மட்டும்தான். பிரிட்டனில் முதலாளி வழியாகக் கிடைத்த குழந்தைப் பராமரிப்பு வவுச்சர் திட்டத்தில் 2018 அக்டோபர் 4-க்குப் பிறகு புதியவர்கள் சேர முடியாது. அதன் இடத்தில் வந்த திட்டத்தில் பெற்றோர் அரசிடம் நேரடியாகக் கணக்கு வைத்து, கட்டும் தொகையில் ஒரு பங்கை அரசிடமிருந்து பெறுகிறார்கள். முதலாளி அதில் சேர்ந்தாரா இல்லையா என்ற பேச்சே அங்கே இல்லாமல் போனது. சுயதொழில் செய்பவர்களுக்கும் அதனால் வழி திறந்தது.

ஆனால் பணம் இடத்தை உண்டாக்காது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கான இடங்கள் எங்கேயும் குறைவு. அவர்களுக்கு ஆள் அதிகம் வேண்டும், அதனால் நடத்துபவர்களுக்கு லாபம் குறைவு. கர்ப்பமாக இருக்கும்போதே பதிந்து வைத்துக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். முதலில் கட்டிவிட்டு ரசீது கொடுத்துப் பிறகு வாங்கிக்கொள்ளும் முறை என்றால், சம்பளம் குறைவானவர்களுக்கு முதல் மாதமே முட்டுக்கட்டை. பதிவு பெற்ற இடத்தின் ரசீதுதான் செல்லுமா, வீட்டோடு வந்து பார்த்துக்கொள்பவருக்குக் கொடுப்பதும் சேருமா என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

அவசர நாளுக்கு மாற்று ஏற்பாடு என்று வருஷத்துக்குச் சில நாட்கள் தரும் நிறுவனங்களும் உண்டு. வழக்கமான ஆள் வராத நாளில் ஒரு புது இடத்திலோ புது ஆளிடமோ விடலாம். நாலு வயதுப் பிள்ளைக்கு இது சரிப்படும். எட்டு மாதக் குழந்தைக்கு, அதுவும் உடம்பு சரியில்லாத நாளில், முன்பின் தெரியாத ஒருவர் தூக்குவது பெரிய சோதனை. இதை ஒரு கூடுதல் வசதியாக மட்டும் பாருங்கள்.

படிவத்தில் இல்லாத இன்னொரு வழி

அது நேரம். கூடுதலாக இரண்டு மாத விடுப்பு, ஆறு மாதத்துக்கு அரை நாள் வேலை, வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை, அப்பாவும் சேர்ந்து எடுக்கும் விடுப்பு. முதல் வருஷத்தைப் பொறுத்தவரை ஒரு நிறுவனம் தரக்கூடிய உதவிகளில் இதுதான் பெரியது என்பது என் உறுதியான எண்ணம். குடும்பப் பொறுப்புள்ள தொழிலாளர்களுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 156-வது உடன்படிக்கை 1981-ல் நிறைவேறியது. அந்தப் பொறுப்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது என்பதுதான் அதன் அடிப்படை. ஆனாலும் காப்பகத்திலிருந்து போன் வந்தால் இன்றும் எழுந்து ஓடுவது பெரும்பாலும் அம்மாதான். காலையில் ஒருவர் கொண்டுவிட்டு, சாயங்காலம் இன்னொருவர் கூட்டி வந்தால் குழந்தை அங்கே இருக்கும் நேரம் இரண்டு மணி நேரம்கூடக் குறையும். எந்த வழியை எடுத்தாலும் இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

வீட்டில் தாத்தா பாட்டி இருந்து, அவர்களுக்கு உடம்பில் தெம்பும் மனதில் விருப்பமும் இருந்தால் ஒரு வயது வரை அது நல்ல ஏற்பாடு. சம்பளத்துக்கு ஆள் வைத்தால் முழுக் கவனமும் ஒரே குழந்தைக்குக் கிடைக்கும். ஆனால் அங்கே இன்னொரு பெரியவரின் பார்வை இருக்காது. அவர் வராத நாளில் எல்லாம் நின்றுவிடும்.

உள்ளே போய் என்ன பார்ப்பது

முதலில் எண்ணிக்கை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் பொதுச் சுகாதாரச் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு வயதுக்குள் இருக்கும் 3 குழந்தைகளுக்கு ஒரு பெரியவர், ஓர் அறையில் அதிகபட்சம் 6 குழந்தைகள். ஒன்று முதல் மூன்று வயதுக்குள் 4 பேருக்கு ஒருவர், அறைக்கு 8 பேர். மூன்று வயதில் 7 பேருக்கு ஒருவர். இங்கிலாந்தில் சட்டப்படி இரண்டு வயதுக்குள் 3 பேருக்கு ஒருவர். இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு 4 பேருக்கு ஒருவர் என்று இருந்ததை 2023 செப்டம்பரில் 5 ஆக்கினார்கள். பெற்றோர் பலர் அதை எதிர்த்தார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஒருவர் ஒரு குழந்தைக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று பசித்து அழும், மூன்றாவது எதையோ எடுத்து வாயில் வைக்கும். தீப்பிடித்தால் நடக்கத் தெரியாத எத்தனை குழந்தைகளை ஒருவர் தூக்கிக்கொண்டு ஓட முடியும்?

காகிதத்தில் எழுதிய எண்ணிக்கையை நம்பிவிடாதீர்கள். காலை பதினோரு மணிக்கு எல்லா இடமும் ஒழுங்காகத்தான் இருக்கும். ஊழியர்கள் மாறி மாறிச் சாப்பிடப் போகும் மதிய நேரத்திலும், மாலையில் கடைசி ஒரு மணி நேரத்திலும் போய் நின்று தலைகளை எண்ணுங்கள். சமையல் செய்பவரையும் மேலாளரையும் கணக்கில் சேர்த்துச் சொல்கிறார்களா என்று பாருங்கள்.

அமெரிக்காவில் 1991-ல் தொடங்கிய ஓர் ஆய்வு 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பல வருஷங்கள் தொடர்ந்து பார்த்தது. குழந்தையின் வளர்ச்சியில் வீடும் பெற்றோரும்தான் அதிகம் செல்வாக்குச் செலுத்துகிறார்கள் என்று அதில் தெரிந்தது. குற்ற உணர்ச்சியோடு வேலைக்குப் போகும் ஒவ்வொரு அம்மாவுக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றும். பராமரிப்பின் தரத்துக்கும் பங்கு இருந்தது. பெரிய பங்கு இல்லை, ஆனால் மொழியிலும் சிந்தனையிலும் தெரிகிற அளவுக்கு இருந்தது. வாரத்தில் மிக அதிக நேரம் காப்பகத்தில் இருந்த பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் போன்ற நடத்தைச் சிக்கல்கள் சற்றுக் கூடுதலாகப் பதிவாகின. நேரத்தைப் பற்றி மேலே அவ்வளவு சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

தரம் என்று அந்த ஆய்வு பார்த்தது பொம்மைகளையோ சுவரில் வரைந்த ஓவியங்களையோ மட்டும் இல்லை. பெரியவர் குழந்தையோடு எவ்வளவு பேசுகிறார், அது எழுப்பும் சத்தத்துக்குப் பதில் தருகிறாரா, அழுதால் கவனிக்கிறாரா என்பதைத்தான் உட்கார்ந்து குறித்துக்கொண்டார்கள். அதை நீங்களும் பார்க்கலாம். என்னைக் கேட்டால், ஒரே ஒரு டயப்பர் மாற்றுவதைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

ஒரு காப்பகத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அந்தப் பெண் தரையில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையின் முன்னால் வந்து குந்தி உட்கார்ந்தார். இரண்டு கையையும் நீட்டி, "ஈரமா இருக்கு பாரு, மாத்திக்கலாமா?" என்றார். குழந்தை நிமிர்ந்து பார்த்து, கையிலிருந்த வளையத்தைக் கீழே போட்டது. அதற்குப் பிறகுதான் தூக்கினார். மேஜையில் படுக்கவைத்து, "இப்போ காலைத் தூக்கப்போறேன்" என்று சொல்லிவிட்டுத் தூக்கினார். துடைக்கும்போது குழந்தை ஏதோ முணங்க, "ஆமா, ஜில்லுனு இருக்கா?" என்றார். ஒரு கை எப்போதும் குழந்தையின் மேல் இருந்தது. முடித்ததும் தன் கையையும் கழுவினார், குழந்தையின் கையையும் கழுவினார். மொத்தமே நாலைந்து நிமிடம். அதே அறையில் இன்னொருவர் பின்னாலிருந்து ஒரு குழந்தையை அள்ளிக்கொண்டு போய், பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே மாற்றி, திரும்ப இறக்கிவிட்டார். சுத்தத்தில் குறை இல்லை. ஆனால் அந்தக் குழந்தையின் முகத்தை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

புடாபெஸ்டில் 1946-ல் ஒரு குழந்தைகள் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற மருத்துவர் எம்மி பிக்லர் இதைத்தான் தன் முறையின் நடுவில் வைத்தார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் அவசரமாக முடித்துவிட வேண்டிய வேலைகள் இல்லை, குழந்தையும் பெரியவரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் நேரம் என்றார். பெற்றோரை இழந்த குழந்தைகள் இருந்த இல்லத்திலேயே இதைச் செய்ய முடிந்தது.

அடுத்து, "என் குழந்தைக்கு யார்?" என்று கேளுங்கள். இங்கிலாந்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் இன்னார் பொறுப்பு என்று ஒருவரைக் குறித்தாக வேண்டும், அது விதி. "எல்லாருமே பாத்துப்போம்" என்ற பதில் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் குழந்தை நேற்று எத்தனை மணிக்குத் தூங்கியது என்று நீங்கள் கேட்கும்போது யாருக்கும் தெரியாமல் போவது அப்படிப்பட்ட இடத்தில்தான். அங்கே வேலை செய்பவர்களிடமே பேச்சுக் கொடுங்கள். எவ்வளவு நாளாக இருக்கிறீர்கள், உடம்பு சரியில்லை என்றால் சம்பளத்தோடு லீவு உண்டா என்று கேளுங்கள். பாதிப் பேர் இந்த வருஷம் வந்தவர்கள் என்றால் அடுத்த வருஷமும் அப்படித்தான் இருக்கும். குறைந்த சம்பளத்தில் நாள் முழுக்கக் கைக்குழந்தைகளைத் தூக்கிச் சுமக்கும் வேலையில் யாராலும் நெடுநாள் நிலைக்க முடியாது. நிறுவனம் காப்பகத்துக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு அவர்கள் சம்பளத்துக்குப் போக வேண்டும் என்று பெற்றோர் சேர்ந்து கேட்டால், அது தங்கள் பிள்ளைகளுக்காகவே கேட்பதுதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, சமமான கெட்டியான படுக்கையில், தலையணையும் தளர்வான போர்வையும் இல்லாமல் தூங்கவைக்க வேண்டும். இதில் சமரசமே கூடாது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்குள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. அறையில் டிவி ஓடினால் காரணம் கேளுங்கள். பெற்றோர் சொல்லாமல் வந்தாலும் கதவு திறக்க வேண்டும். சிசிடிவி இருப்பதைப் பெரிதாகச் சொல்வார்கள். இருக்கட்டும், ஆனால் பல கேமராவில் சத்தம் வராது, குழந்தையிடம் எந்தக் குரலில் பேசுகிறார்கள் என்பது அதில் தெரியாது.

யாருக்கு எது

ஒன்றரை வயதுக்குள் இருக்கும் குழந்தை, அலுவலகம் அரை மணி நேரத் தூரத்துக்குள், காப்பகத்தில் 3 அல்லது 4 பேருக்கு ஒருவர், ஆட்கள் நிலையாக இருக்கிறார்கள் என்றால் வளாகக் காப்பகத்தையே எடுங்கள். இதில் எண்ணிக்கையோ ஆட்களின் நிலைமையோ சரியில்லை என்றால், வசதியை மட்டும் பார்த்து அதை எடுக்காதீர்கள். பணமாக வாங்கிக்கொண்டு, வீட்டுப் பக்கத்தில் ஐந்தாறு குழந்தைகளோடு நடக்கும் சின்ன இடம் கிடைக்கிறதா என்று தேடுங்கள்.

ஒன்றரையிலிருந்து மூன்று வயது வரை பிள்ளை மனிதர்களை நன்றாக அடையாளம் வைத்துக்கொள்ளும், பிரிவும் அதிகம் வலிக்கும். ஒரு வருஷத்துக்குள் வேலை மாறும் எண்ணம் இருந்தால், வேலையோடு கட்டிய இடத்தில் இப்போது சேர்க்காதீர்கள். மூன்று வயதுக்கு மேல் வீட்டருகே, பள்ளிக்குப் போகும்போது கூட வரப்போகும் பிள்ளைகள் இருக்கும் இடத்தையே நான் பரிந்துரைப்பேன். இரவு ஷிஃப்டில் வேலை செய்பவர்களுக்கு நிலைமை வேறு. வெளியில் இரவில் திறந்திருக்கும் நல்ல இடம் கிடைப்பது அரிது. அவர்கள் நிறுவனத்தையே ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேட்பதுதான் நியாயம். எண்பது வருஷத்துக்கு முன்னால் கப்பல் தளத்தில் செய்துகாட்டிய விஷயம்தானே.

எங்கே சேர்த்தாலும் முதல் இரண்டு வாரத்தைப் படிப்படியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நீங்களும் கூடவே ஒரு மணி நேரம், பிறகு அரை மணி நேரம் வெளியே போய் வருவது, பிறகு அரை நாள். இதற்கு இடம் கொடுக்காத காப்பகம் வேண்டாம். வேலைக்குத் திரும்பும் தேதியை ஹெச்.ஆரிடம் பேசும்போதே இந்த நாட்களையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். விட்டுவிட்டு வரும்போது அழுவது சகஜம். நீங்கள் போன பிறகு எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது, யாரிடம் போய் ஒட்டிக்கொள்கிறது என்று தினமும் விசாரியுங்கள். மூன்று நான்கு வாரம் கழிந்தும் யாரிடமும் ஒட்டாமல், சாப்பாடும் தூக்கமும் கெட்டே இருந்தால் இடத்தை மாற்ற யோசியுங்கள். அப்படி மாற்றும்போது முடிந்தால் ஒரு வாரம் இரண்டு இடத்துக்கும் கட்டணம் கட்டி, புது இடத்தில் கொஞ்ச நேரம், பழைய இடத்தில் மீதி நேரம் என்று பழக்குங்கள். பழைய பராமரிப்பாளரிடம் குழந்தை விடைபெற்றுக்கொள்ளவும் ஒரு நாள் ஒதுக்குங்கள்.